மறைந்த சத்திரங்கள்

சென்னையின் வடபால், திருவொற்றியூரை அடுத்து, விம்கோ நகர் என்றோர் ஊர்ப்பகுதி உண்டு. புறநகர்ப் புகைவண்டி அவ்விடத்தில் நின்று செல்லும். 2021ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மெட்ரோ இருப்புப்பாதையும் அவ்விடத்தை எட்டியது. ‘விம்கோ’ என்னும் சொல்லுக்குப் பொருள் தேடுவார் எந்த நிகண்டிலும் அதனைக் காணமாட்டார். வெஸ்டர்ன் இந்தியா மாட்ச் கம்பெனி என்னும் பெயரின் முதலெழுத்துக்களால் ஆகிய குறுக்கம் அது. சுவீடன் நாட்டுத் தீப்பெட்டி நிறுவனத்தார் 1923ஆம் ஆண்டில் இந்தியாவில் தொடங்கிய அக்கம்பெனி, இவ்விடத்தே ஒரு தொழிற்சாலையை நடத்தியது. தொழிற்சாலையின் பெயரே குடியிருப்பின் பெயராயிற்று. பின்னர் அக்கம்பெனி வேறொரு பெருநிறுவனத்தோடு இணைந்துவிட்டது. ஊர் மட்டும் பழம்பெயரை விடாது தாங்கி நிற்கின்றது.

பொருள் மறைந்த பின்னும் பெயர் நின்று பேசுவது உலகியல்பு. சென்னையிலிருந்து மேற்கே காஞ்சிபுரத்தை நோக்கிச் செல்லும் பெருவழியில் சுங்குவார்சத்திரம் என்னும் ஊர் வரும். அதனைக் கடந்து செல்வார் பாலுசெட்டிசத்திரம் என்னும் ஊரைக் காண்பர். வடக்கே கல்கத்தா செல்லும் பெருவழியில் ஜனப்பன்சத்திரம் உள்ளது. கும்பகோணத்தை அடுத்து அம்மாசத்திரமும், பழனிச் சாலையில் ஒட்டன்சத்திரமும் உள்ளன. திருச்சிராப்பள்ளியில் நாள்தோறும் பல்லாயிரவர் ஏறி இறங்கும் பேருந்து நிலையத்திற்கும் சத்திரம் என்பதே பெயர். இவ்வூர்களில் இறங்கி, “இங்கே சத்திரம் எங்குளது? வழிப்போக்கர்க்குச் சோறு எப்போது இடுவர்?” என்று வினவினால், வினவியவரை ஊரார் வியப்போடு நோக்குவர். ஆயினும், அங்ஙனம் வினவிச் சோறு பெற்ற காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தையும், அது சென்ற வகையையும் இப்பாடத்தில் காண்போம்.

வழிநடப்பார்க்கு உணவளித்தல் தமிழ்நாட்டில் மிகப் பழைய வழக்கம். பரிசில் பெற்று மீளும் பாணன், எதிர்ப்பட்ட மற்றொரு பாணனுக்கு வழி கூறுவதாக அமைந்தவை ஆற்றுப்படை நூல்கள். அவற்றுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் வழியை உரைக்கின்றது. எயிற்பட்டினத்தில் நுளையர் சுட்ட மீனைத் தருவர் என்றும், வேலூரில் எயிற்றியர் புளியிட்டு ஆக்கிய சோற்றைத் தருவர் என்றும், ஆமூரில் உழவர் வெண்சோற்றை நண்டுக் கறியோடு தருவர் என்றும் அந்நூல் எடுத்து மொழிகின்றது. எவ்வூரில் எவ்வுணவு கிட்டும் என்று முன்னரே அறிந்து வழி நடத்தற்கு அது துணையாயிற்று. அக்காலத்தில் உணவளித்தது வீடு. தனியே ஒரு சாலை அமைத்தல் வேண்டப்படவில்லை.

பின்னர், நகரங்கள் பெருகி, வணிகரும் யாத்திரிகரும் மிக்கபொழுது, வீடுகள் மட்டும் அப்பணியைத் தாங்க இயலாவாயின. மணிமேகலைக் காப்பியம், காவிரிப்பூம்பட்டினத்தில் உலக அறவி என்னும் பொதுவிடம் இருந்ததையும், அங்கே மணிமேகலை அமுதசுரபியால் பசித்தோர்க்கு உணவளித்ததையும் கூறும். சோழர் காலக் கல்வெட்டுக்கள் சாலைகளையும் மடங்களையும் பற்றிப் பேசுகின்றன. அங்கே உணவு வழங்குதற்கென விடப்பட்ட நிலம் சாலாபோகம் எனப்பட்டது. திருவொற்றியூரிலேயே இராசேந்திர சோழன் பெயராலும் குலோத்துங்க சோழன் பெயராலும் மடங்கள் இருந்தன. அடியார்களும் துறவியரும் அவற்றில் அமுது செய்தனர். இங்ஙனம் வீட்டுத் திண்ணையில் தொடங்கிய அறம், மடமாகவும் சாலையாகவும் வளர்ந்து, இறுதியில் சத்திரம் என நிலைபெற்றது.

சத்திரத்தின் அமைப்பு அதன் பயனுக்கு ஏற்றதாக இருந்தது. கட்டுச்சோற்று மூட்டையைத் தோளில் இட்டு நடப்பவன் ஒருநாளில் பத்துப் பன்னிரண்டு கல் தொலைவு செல்லலாம். ஆதலின், ஒரு பகல் நடையின் முடிவில் ஒரு சத்திரம் எதிர்ப்படுமாறு கட்டினர். இடைவழியில் சாலையின் இருமருங்கும் ஆலும் புளியும் நிழல் தந்தன. கோடையில் தண்ணீர்ப்பந்தல் அமைத்து நீரும் மோரும் வழங்கினர். தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைக்கவும், மீண்டும் தூக்கவும் சுமைதாங்கிக் கற்களை நாட்டினர். கருவுற்ற நிலையில் இறந்த மகளிரின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டுதல் வழக்கம் என்பதை நோக்குக. தன் சுமையை இறக்காமலே மாண்டவளின் பொருட்டுப் பிறர் சுமையை இறக்க வழிசெய்தனர். சத்திரத்தில் அகன்ற திண்ணையும், நடுவே முற்றமும், புறத்தே கிணறோ குளமோ அமைந்த நீர்நிலையும், பின்கட்டில் பெரிய அடுப்புக்களும் இருந்தன. அதனை நடத்துதற்குரிய நெல், அதற்கென எழுதி வைத்த நிலத்திலிருந்து வந்தது.

மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகள் அமைத்ததற்கும் சத்திரங்கள் கட்டியதற்கும் பெயர் பெற்றவர். மதுரையில் புகைவண்டி நிலையத்தின் எதிரே அவர் பெயர் தாங்கிய சத்திரத்தை இன்றும் காணலாம். ஆயினும், ஒரே ஆட்சியின்கீழ், ஒரே முறையில், ஒரு பெருவழி நெடுகத் தொடராக நடந்த சத்திரங்களுக்குத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் அமைத்தவையே தலைசிறந்த சான்று. இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களின் பொருட்டு அவர்கள் தம் குலமகளிர் பெயரால் பல சத்திரங்களை நிறுவினர். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரமும், ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரமும் அவற்றுள் புகழ் மிக்கவை. முத்தாம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி மன்னரால் 1802ஆம் ஆண்டளவில் நிறுவப்பெற்றது.

இச்சத்திரங்கள் நடந்த வகையைச் சரபோஜி மன்னர் 1801ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியின் பிரதிநிதிக்கு எழுதிய மடலால் அறிகின்றோம். 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கம்பெனியார் கைக்குச் சென்றுவிட்டது. சத்திரங்களும் அவ்வாறே சென்று குலைந்துவிடுமோ என்று மன்னர் அஞ்சினார். ஆதலின், அவை யாவை, அவற்றில் என்ன நடைபெறுகின்றது என்பதை அவர் விரித்து எழுதினார். அந்தணர் முதலாகத் தாழ்த்தப்பட்டோர் ஈறாக எல்லா வழிப்போக்கர்க்கும் சோறு இடப்பட்டது. பிறர் ஆக்கிய சோற்றை உண்ணாதார்க்கு அரிசியும் மளிகைப் பொருளும் அளக்கப்பட்டன. குழந்தைகளுக்குப் பால் தரப்பட்டது. நோயுற்றவரை மருத்துவர் பேணினர். நச்சுயிர் தீண்டியவர்க்கும் மருந்து இருந்தது. பெற்றோர் வழியில் இறந்துபட்டால் அவர்தம் பிள்ளைகளைச் சத்திரமே வளர்த்துக் கல்வி புகட்டியது. கருவுற்ற மகளிர்க்கு மகப்பேறு வரையில் துணை இருந்தது.

அம்மடலில் குறிக்கப்பெற்ற ஒரு செய்தி நெஞ்சை விட்டு அகலாதது. நள்ளிரவு வரையில் சோறு இடுவர். அதன் பின்னும் அடுப்பை அவித்துக் கதவை அடைத்துவிடுவதில்லை. மணியை ஒலித்து, இன்னும் உண்ணாதார் எவரேனும் இருப்பின் வருக என்று அறிவிப்பர். இருளில் வழி தப்பியவனும், நாணத்தால் திண்ணையின் மூலையில் ஒடுங்கியவனும் அவ்வொலியைக் கேட்டு எழுந்து வந்து உண்பர். பசித்தவன் கேட்ட பின்பு கொடுத்தல் ஈகை. கேளாதவனையும் தேடி அழைத்துக் கொடுத்தல் அதனினும் உயர்ந்தது என்பதை அம்மணி உணர்த்தியது.

வடசென்னையில் இவ்வறம் வேறொரு வடிவம் கொண்டது. 1780ஆம் ஆண்டில் ஐதர் அலியின் படைகள் கர்நாடகப் பகுதியில் புகுந்தன. சிற்றூர்களில் விளைவு அழிந்தது. மக்கள் கூட்டங்கூட்டமாகச் சென்னைக்கு ஓடி வந்தனர். பஞ்சத்தால் வாடிய அவர்களுக்கு 1782ஆம் ஆண்டில் இராயபுரத்தின் பக்கத்தே கஞ்சி வார்க்கும் இடம் ஒன்று தோன்றியது. அதனை மணியக்காரர் சத்திரம் என்றனர். ஆங்கிலேயர் நாவில் அது மணேகார் என்று திரிந்தது. கஞ்சியைப் பெருந்தொட்டிகளில் நிரப்பி வார்த்தமையால் பொதுமக்கள் கஞ்சித்தொட்டி என்றே அழைத்தனர். உணவுக்கு வந்தவருள் பலர் நோயாளர். ஆகவே, 1799ஆம் ஆண்டில் அண்டர்வுட் என்னும் மருத்துவர் அங்கே ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து ஸ்டான்லி மருத்துவமனை ஆயிற்று; 1938ஆம் ஆண்டில் அங்கே மருத்துவக் கல்லூரியும் அமைந்தது. கவர்னர் பெயரை அரசு சூட்டிய பின்னரும், முதியோர் அதனைக் கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி என்றே நெடுங்காலம் வழங்கி வந்தனர். பசிக்கு வார்த்த கஞ்சியே பிணிக்குத் தரும் மருந்தாக வளர்ந்த வரலாறு அப்பெயரில் அடங்கியுள்ளது.

இனி, சத்திரங்கள் மறைந்த காரணத்தை ஆராய்வோம். அதன் தொடக்கமும் இராயபுரத்திலேயே உள்ளது. 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜா வரையில் தென்னாட்டின் முதற் புகைவண்டி மக்களுக்காக ஓடியது. தொலைவு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். சுங்குவார்சத்திரத்திலும் பாலுசெட்டிசத்திரத்திலும் தங்கித் தங்கி நாலைந்து நாள் நடக்க வேண்டிய தொலைவை அவ்வண்டி ஒரு பகலுக்குள் கடந்தது. பின்னர் இருப்புப்பாதைகள் கிளைத்துத் தமிழ்நாடு முழுவதும் பரவின. காசிக்கும் இராமேசுவரத்திற்கும் நடந்தவர் வண்டியேறினர். வழியே இல்லாமற் போனபின் வழியிடைச் சோற்றுக்கு வேலை யாது? புதிய சத்திரங்கள் புகைவண்டி நிலையங்களின் அருகே எழுந்தன. சென்னைச் சென்ட்ரல் நிலையத்தின் எதிர்ப்புறத்தே சவலை இராமசாமி முதலியார் கட்டிய சத்திரம் அவற்றுள் ஒன்று. பழைய பெருவழிச் சத்திரங்களின் திண்ணைகளோ வெறிச்சோடின.

மற்றொரு காரணமும் உண்டு. சத்திரத்தின் உயிர் அதன் கட்டடத்தில் இல்லை. அதற்கென விடப்பட்ட நிலத்திலும், அந்நிலத்தின் வருவாயைக் காத்தவர் நேர்மையிலும் இருந்தது. 1855ஆம் ஆண்டில் தஞ்சை அரசமரபு முடிவுற்றது. அறங்களின் மேற்பார்வை அதிகாரிகள் கைக்கு மாறியது. சில சத்திரங்கள் பள்ளிகளாகவும் மாணவர் விடுதிகளாகவும் பயன்பட்டன. அவை நற்பேறு பெற்றவை. கண்காணிப்பார் இல்லாதவை கூரை சரிந்து, சுவர் இடிந்து, செடி முளைத்து அழிந்தன. குத்தகை நெல் வாராத ஆண்டில் அடுப்பு எரியவில்லை. அடுப்பு எரியாத சத்திரத்திற்கு வழிப்போக்கர் வரவில்லை. வருவார் இல்லை என்பதே சத்திரத்தை மூடுதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது.

சத்திரங்கள் தளர்ந்தனவேயன்றிப் பசி தளரவில்லை. 1876 முதல் 1878 வரையில் நிகழ்ந்த பெரும்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். அப்பொழுது பசித்தோர்க்குக் கூலி கிடைக்கும்பொருட்டுக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய் வெட்டப்பட்டது. எண்ணூர் வரையில் முன்னரே வெட்டப்பட்டிருந்த கால்வாயோடு அது சேர்ந்து பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது. திருவொற்றியூர்ப் பக்கத்தே ஓடும் அக்கால்வாயைக் காண்பவர், அதன் ஒரு பகுதி பஞ்சத்தில் அடிபட்டவர் கைகளால் தோண்டப்பட்டது என்பதை நினைத்தல் வேண்டும்.

இப்பெரும்பஞ்சத்திற்குப் பத்தாண்டு முன்னரே, அணையாத அடுப்பு ஒன்றை மூட்டியவர் இராமலிங்க அடிகள். அடிகளின் இளமை சென்னை ஏழுகிணறுப் பகுதியில் கழிந்தது. அவர் அங்கிருந்து திருவொற்றியூருக்குப் பலகால் நடந்து சென்று தியாகராசப் பெருமானையும் வடிவுடையம்மையையும் வழிபட்டார். ஒருநாள் இரவு நெடுநேரங்கழித்து மீண்ட அடிகள், வீட்டார் துயில் கலையலாகாதெனப் பசியோடு திண்ணையில் படுத்தார் என்றும், அம்மையே அண்ணியாரின் வடிவில் வந்து அமுதூட்டினாள் என்றும் அடியார் போற்றுவர். பசியின் கொடுமையை நன்குணர்ந்த அப்பெரியார், 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்கு வேண்டிய நிலத்தைப் பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து அளித்தனர். சாதி, சமயம், ஊர் என்னும் வேற்றுமை ஒன்றும் வினவாமல் அங்கே சோறிட்டனர். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகின்றது. பெருவழிச் சத்திரங்கள் பல மறைய, அச்சாலை மட்டும் நிலைத்தது எதனால்? அரசர் ஒருவர் கொடையை மட்டும் நம்பியிராமல், பெயர் அறியாத பல்லாயிரவர் பிடியரிசியால் அது நடந்தமையே காரணம்.

நகரங்களில் சத்திரத்தின் இடத்தை விலைக்கு உணவு தரும் விடுதிகள் பற்றிக்கொண்டன. உடுப்பிப் பகுதியிலிருந்து வந்தவர்கள் சென்னையில் சிற்றுண்டிச்சாலைகள் நிறுவிப் புகழ் பெற்றனர். அவர்களுள் ஒருவராகிய கிருஷ்ணராவ் எளிய நிலையில் வாழ்க்கையைத் தொடங்கி, 1938ஆம் ஆண்டில் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் விடுதியை நிறுவினார். அப்பெயரால் வேறு இடங்களிலும் விடுதிகள் எழுந்தன. 1962ஆம் ஆண்டில் கதீட்ரல் சாலையில், வண்டியை விட்டு இறங்காமலே உண்ணத்தக்கதாக, மரநிழலில் ஒரு திறந்தவெளிச் சிற்றுண்டிச்சாலை அமைந்தது. அதுவும் 2008ஆம் ஆண்டில் மூடப்பட்டது. 2010ஆம் ஆண்டில் அவ்விடத்தே செம்மொழிப் பூங்கா எழுந்தது. விலைக்கு விற்ற விடுதியும் காலத்தால் மறைவதே என்பதற்கு இது சான்று.

பழையன யாவும் நல்லன என்று கொள்ளுதல் கல்வியாளர்க்கு அழகன்று. சத்திரங்களில் எல்லார்க்கும் சோறு கிடைத்தது உண்மையே. ஆயின் எல்லாரும் ஒரே பந்தியில் அமரவில்லை. சில சத்திரங்கள் ஒருசில குலத்தார்க்கே உரியனவாக இருந்தன. அக்குறை விலைக்கு உணவு விற்ற விடுதிகளிலும் தொடர்ந்தது. காசு கொடுத்து உண்ணும் இடத்திலும் அந்தணர்க்குத் தனியிடம், ஏனையோர்க்கு வேறிடம் என வகுத்தனர். தாழ்த்தப்பட்டோரை உள்ளே புகவும் விடவில்லை. புகைவண்டி நிலைய உண்டிச்சாலைகளில் இருந்த இவ்வேறுபாட்டைப் பெரியார் ஈ. வெ. இராமசாமி முதலியோர் எதிர்த்தனர். 1941ஆம் ஆண்டில் அது நீக்கப்பெற்றது. 1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்புச் சட்டம், சாதி, மதம் முதலியவற்றைக் காரணங்காட்டி உணவு விடுதிகளில் எவரையும் தடுத்தல் கூடாது என்று விதித்தது. சோறிடுதல் ஓர் அறம். உடனிருந்து உண்ணுதல் மற்றோர் அறம். முன்னதைச் சத்திரம் கற்பித்தது. பின்னதை நாடு போராடிக் கற்றது.

வடசென்னையில் தொழிற்சாலைகள் பெருகின. திருவொற்றியூரில் 1946ஆம் ஆண்டில் ஒரு சிறு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பின்னர் டயர் செய்யும் பெருநிறுவனமாயிற்று. எண்ணூரில் அசோக் லேலண்டும், திருவொற்றியூரில் என்ஃபீல்டும் எழுந்தன. சங்கொலி கேட்டு இரவும் பகலும் முறைமாற்றி வேலைக்குச் சென்ற தொழிலாளரே இப்பகுதியின் புதிய வழிப்போக்கர். இவர்களுள் சத்திரத்தைக் கண்டவர் இலர். தெருவோரத்தில் இட்டலி அவிக்கும் பெண்டிரும், தேநீர்க் கடைக்காரரும் இவர்தம் பசியைத் தணித்தனர். பர்மாவிலிருந்து மீண்ட தமிழர் கொணர்ந்த அத்தோ என்னும் உணவும் வடசென்னைத் தெருக்களில் இடம் பெற்றது.

பசித்தவரைத் தேடி அழைக்கும் பழைய அறம் இதற்கிடையே பள்ளிக்கூடத்தின் வாயிலாக மீண்டது. சர். பிட்டி. தியாகராய செட்டியார் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி, 1920ஆம் ஆண்டில் ஆயிரம்விளக்குப் பள்ளி மாணவர்க்கு நண்பகல் உணவு வழங்கியது. காமராசர் முதலமைச்சராக இருந்தபொழுது 1956ஆம் ஆண்டில் பகலுணவுத் திட்டம் நாடெங்கும் பரவத் தொடங்கியது. 1982ஆம் ஆண்டில் எம். ஜி. இராமச்சந்திரன் அரசு அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தியது. 2013ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி மலிவு விலை உணவகங்களைத் திறந்தது. ஓர் இட்டலி ஒரு ரூபாய்க்கு அங்கே விற்கப்பட்டது. ஒரே ஆட்சியின்கீழ், பல இடங்களில், ஒரே முறையில் உணவளித்தல் தஞ்சைச் சத்திரங்களின் முறையே அன்றோ? அங்கே பந்தி பிரிந்திருந்தது. இங்கே வரிசை ஒன்றே என்பதே வேறுபாடு.

மாணவர்கள் தம் ஊரையும் சுற்றுப்புறத்தையும் இக்கண்கொண்டு நோக்குதல் நன்று. சத்திரம், சாவடி, தண்ணீர்ப்பந்தல், சுமைதாங்கி, தோப்பு என்று முடியும் பெயர்கள் பல இருத்தல் கூடும். சாலையோரத்துப் புதரில் ஒரு சுமைதாங்கிக் கல் கிடத்தலும் கூடும். அதனைப் பெயர்த்து எறியாமல் காத்தல் வேண்டும். அது யாருடைய நினைவாக நாட்டப்பட்டது என்று ஊர் முதியோரை வினவி எழுதி வைத்தல் வரலாற்றுக்குச் செய்யும் தொண்டாகும்.

கட்டடம் இடியும், நிலம் கைமாறும், பெயரும் திரியும். ஆயினும் பசி நாள்தோறும் புதிதாகப் பிறக்கின்றது. ஆதலின் அதனைத் தீர்க்கும் அறமும் நாள்தோறும் புதிதாகச் செய்யப்பட வேண்டியதே. தம் வகுப்பில் உண்ணாமல் வந்த ஒருவன் இருப்பின், அவன் வாய்திறந்து கேட்கும்வரை காத்திராமல் அழைத்துத் தம் உணவைப் பகிர்ந்துகொள்ளும் மாணவன், தஞ்சைச் சத்திரத்தின் நள்ளிரவு மணியை மீண்டும் ஒலித்தவன் ஆவான்.

பயிற்சி

1. ஊர்ப்பெயர்கள் பழைய வரலாற்றை எங்ஙனம் உணர்த்துகின்றன? மூன்று சான்றுகள் தருக.
2. சரபோஜி மன்னரின் மடலால் நாம் அறியும் செய்திகளைத் தொகுத்து எழுதுக.
3. பெருவழிச் சத்திரங்கள் மறைந்தமைக்கு உரிய காரணங்கள் இரண்டனை விளக்குக.
4. கஞ்சித்தொட்டி மருத்துவமனையாக வளர்ந்த வரலாற்றைக் கூறுக.
5. “சோறிடுதல் ஓர் அறம், உடனிருந்து உண்ணுதல் மற்றோர் அறம்.” இத்தொடரின் கருத்தைப் பத்து வரிகளில் விரித்து எழுதுக.
6. உங்கள் ஊரிலோ அதன் அருகிலோ உள்ள சத்திரம், சாவடி, சுமைதாங்கி ஆகியவற்றுள் ஒன்றனைக் கண்டு, முதியோரிடம் வினவி, ஒரு கட்டுரை வரைக.